வேலி பிடுங்கியவர்களும் புதர் வெட்டியவர்களும்: இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்டில் தொண்டும் தலைமையும்

1866 மார்ச் 6 இரவு லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஒரு தனி ரயில் புறப்பட்டது. ஏறியிருந்தவர்கள் ஏறத்தாழ 120 பேர், எல்லோரும் மண்வேலைக் கூலியாட்கள். டிரிங் நிலையத்தில் இறங்கி இருட்டோடு இருட்டாக நடந்தார்கள். பெர்க்கம்ஸ்டெட் ஊரின் பொது மேய்ச்சல் நிலத்தில் 400 ஏக்கருக்கு மேல் பிரௌன்லோ பிரபு குடும்பம் இரும்பு வேலி போட்டு வளைத்திருந்தது. விடிவதற்குள் அந்த வேலி தரையில் கிடந்தது. பிடுங்கிய கம்பிகளை ஒழுங்காக அடுக்கியும் வைத்திருந்தார்கள். நாசவேலை என்று வழக்குப் போட இடம் கொடுக்கக் கூடாதல்லவா. காலையில் ஊர்ச்சனம் வண்டியிலும் நடந்தும் வந்து, மேட்டில் பூத்திருந்த மஞ்சள் முட்புதரிலிருந்து ஆளுக்கொரு கொப்பை ஒடித்துக்கொண்டு போனது. நிலம் தங்களுடையது என்பதற்கு அதுதான் அவர்கள் காட்டிய அத்தாட்சி.

இங்கிலாந்தின் நிலப் பாதுகாப்பு இயக்க வரலாற்றில் இந்த இரவு ஒரு வீரக்கதையாகவே சொல்லப்பட்டுவருகிறது. கதையில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று பார்த்தால் வேறொன்று தென்படும். வேலி பிடுங்கியவர்கள் கூலிக்கு வந்தவர்கள். கூலி கொடுத்தவர் அகஸ்டஸ் ஸ்மித் என்ற நிலவுடைமையாளர். திட்டம் வகுத்தவர்கள் 1865இல் ஜார்ஜ் ஷா-லெஃபெவ்ர் தொடங்கிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தார். வழக்கறிஞர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் நிறைந்த சங்கம் அது. உழைப்புக்குக் கூலி, யோசனைக்கு மட்டும் தொண்டு என்றிருந்தது அன்றைய ஏற்பாடு. நூறாண்டுக்குள் இது அப்படியே தலைகீழானது. நிர்வாகத்துக்குச் சம்பளம் வந்தது. அரிவாள் பிடித்தவர்கள் இனாமாக வேலை செய்தார்கள். அந்தப் புரட்டல் எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கிளை வெட்டும் உரிமை

இதற்கு விடை தேட, நிலத்தை வாங்கிப் பொதுமக்களுக்காகக் காக்கும் நேஷனல் டிரஸ்டின் பிறப்புக்கு முன்னால் போக வேண்டியிருக்கிறது. லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் லௌட்டன் ஊரார்க்குக் குளிர்கால விறகுக்காகக் கிளை வெட்டும் உரிமை இருந்தது. நவம்பர் 11 நள்ளிரவில் வெட்டத் தொடங்குவது வழக்கம். 1860களில் பண்ணைப் பிரபு காட்டை வளைத்தபோது, தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளி வழக்கத்தை விடாமல் வெட்டினார். அவர் குடும்பத்தார் சிறைக்குப் போனார்கள். பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் அவருக்காக வழக்கு நடத்தியது. 1870இல் அவர் இறந்ததும் அந்த வழக்கு நின்றுபோனது. பிறகு லண்டன் மாநகராட்சி வழக்கைத் தன் பெயரில் தொடுத்து 1874இல் வென்றது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் காட்டைப் பொதுமக்களின் உலாவிடமாகக் காப்பாற்றியது.

காடு பிழைத்தது, கிளை வெட்டும் உரிமை பிழைக்கவில்லை. அதை ரத்துசெய்து இழப்பீடு கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் லௌட்டனில் 1884இல் ஒரு பொது மண்டபம் எழுந்தது. அதன் பெயர் ‘லாப்பிங் ஹால்’. கிளை வெட்டுக்கூடம் என்று சொல்லலாம். வெட்டுவதற்குப் பதிலாகக் கூடி உட்கார ஓர் இடம்! இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அன்றைய சீர்திருத்தக்காரர்கள் மனப்பூர்வமாகவே அப்படி நினைத்தார்கள். காடு என்பது கண்ணுக்கும் மூச்சுக்கும் உரியது. விறகு என்பது கடையில் கிடைப்பது. ஆனால் நூற்றாண்டுக்கணக்கில் அந்த மரங்களுக்கு அவ்வுருவைக் கொடுத்தது வில்லிங்கேல் போன்றவர்களின் கோடரிதான் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வெட்டு நின்றதும் மரங்கள் கண்டபடி ஓங்கின, தரையில் வெயில் விழுவது குறைந்தது. எப்பிங்கில் பின்னாளில் அதே கிளைவெட்டைப் பராமரிப்பு வேலையாக மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

யார் பெயரில் எழுதுவது?

பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தின் கௌரவ வழக்கறிஞராக 1868இல் வந்தவர் ராபர்ட் ஹண்டர். பின்னர் 1882இல் தபால் துறையின் தலைமைச் சட்ட அதிகாரியானார். பகலெல்லாம் அரசு வேலை, மிச்ச நேரமெல்லாம் பொதுநிலம். வழக்காடி வேலியைத் தடுக்கலாமே ஒழிய, நிலத்தை வாங்கி வைத்துக்கொள்ளச் சங்கத்துக்குச் சட்டத் தகுதி இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1884இல் பர்மிங்காம் மாநாட்டில், நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும் ஒரு நிறுவனம் வேண்டும் என்று பேசினார். அதே காலத்தில் ஆக்டேவியா ஹில்லுக்கும் அதே முட்டுக்கட்டை. டெப்ட்ஃபோர்டில் நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லினுடைய பழைய தோட்டத்தை அவர் வழிவந்தவர் ஒருவர் பொதுமக்களுக்குக் கொடுக்க முன்வந்தார். கொடுக்க ஆள் இருந்தது, பத்திரத்தில் பெறுபவராக எழுதத்தான் ஆளில்லை.

லண்டன் ஏழைகளின் குடியிருப்புகளை நிர்வகித்துப் பேர்பெற்றவர் ஹில். 1875இல் ஸ்விஸ் காட்டேஜ் புல்வெளிகளைக் காப்பாற்ற நிதி திரட்டித் தோற்ற அனுபவமும் அவருக்கு உண்டு. தொண்டைப் பற்றி அவருக்கு மயக்கம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாடகை வசூலிக்கப் போன பெண்களுக்குக் கணக்கெழுதவும் கூரை ஒழுகலைப் பார்க்கவும் அவர் பயிற்சி கொடுத்தார். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது, வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் நடைமுறை.

டிரஸ்டை நிறுவிய மூவரில் மூன்றாமவர் ஏரி மாவட்டத்துப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, 1883இல் மலைப்பகுதி ரயில்பாதைத் திட்டத்தை எதிர்த்துக் கிளம்பியவர். கடல் கடந்தும் ஒரு முன்மாதிரி அவர்கள் கண்முன் இருந்தது. சார்லஸ் எலியட் என்ற இளம் நிலவடிவமைப்பாளரின் முயற்சியால் 1891இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் இதேபோன்ற அறங்காவலர் அமைப்பை உருவாக்கியிருந்தது. 1895 ஜனவரி 12 அன்று நேஷனல் டிரஸ்ட், லாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிவானது. அதே ஆண்டு வேல்ஸ் கடற்கரையில் பார்மத் ஊருக்கு மேலிருந்த டினாஸ் ஒலே என்ற பாறைச் சரிவைத் திருமதி ஃபேனி டால்பட் கொடுத்தார். ஐந்து ஏக்கருக்கும் சற்றுக் குறைவான நிலம். டிரஸ்டின் முதல் சொத்து.

1907ஆம் ஆண்டுச் சட்டம் டிரஸ்டுக்கு அபூர்வமான ஓர் அதிகாரத்தைத் தந்தது. ஒரு நிலத்தைப் ‘பராதீனம் செய்ய முடியாதது’ என்று அது அறிவித்துவிட்டால், பிறகு விற்கவோ அடமானம் வைக்கவோ டிரஸ்டாலும் முடியாது. நம் பத்திரங்களில் ‘வில்லங்கம், பராதீனம்’ என்று வரிசையாக வருமே, அதே பராதீனம்தான். ஹண்டரின் சட்ட மூளை தந்த பெருங்கொடை இது. பின்னால் வரும் நிர்வாகிகள் மீது முன்னவர்கள் வைத்த அவநம்பிக்கை என்றும் இதைப் படிக்கலாம்.

சம்பளமில்லாத தலைமை

முதல் நாற்பதாண்டுகளில் டிரஸ்டின் ஊதியப் பட்டியல் மிகச் சிறியது. பெரும்பாலும் செயலாளர் ஒருவருக்கும் சிறு அலுவலகத்துக்கும்தான் சம்பளம். ஹண்டர் 1913இல் இறக்கும்வரை செயற்குழுத் தலைவர். ரான்ஸ்லி 1920இல் இறக்கும்வரை கௌரவச் செயலாளர். டிரஸ்டை ஆண்ட கவுன்சிலின் பாதி இடங்களைப் பல்கலைக்கழகங்கள், கலைக்கூடங்கள் போன்ற வெளி நிறுவனங்கள் நியமித்தன. உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தது மறு பாதியைத்தான்.

இந்தக் காலத்தில் தொண்டு என்றால் பெரும்பாலும் பணம் திரட்டுவதும் அந்தந்த ஊர் நிலத்தை மேற்பார்ப்பதும். 1902இல் டெர்வெண்ட் ஏரிக்கரையின் பிராண்டெல்ஹோ தோப்பு, 108 ஏக்கர், 6,500 பவுண்ட் பொதுநிதியில் வாங்கப்பட்டது. ஹிண்ட்ஹெட் வாங்கிய கதை இன்னும் சுவாரஸ்யமானது. அந்த மேட்டுநிலத்தின் உடைமையாளர் விட்டேக்கர் ரைட் என்ற நிதி மோசடிக்காரர். 1904இல் தண்டனை கிடைத்த அன்றே நீதிமன்றக் கட்டடத்திலேயே சயனைடு விழுங்கி இறந்தார். நிலம் விற்பனைக்கு வந்தது. பக்கத்து ஊர் ஹேஸ்ல்மியரில் குடியிருந்த ஹண்டரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து வாங்கி டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள். பராமரிப்பையும் உள்ளூர்க் குழுவே ஏற்றது. வாங்கியவர்களும் கவனித்துக்கொண்டவர்களும் அந்த மண்ணில் தினம் நடப்பவர்களும் ஒரே ஆட்களாக இருந்தது டிரஸ்டின் வரலாற்றில் அரிது. என் பார்வையில் தலைமையும் தொண்டும் மிக நெருங்கி நின்றது அங்கேதான்.

1930களில் ‘பெர்குசன் கும்பல்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இளம்பெண்கள் முகமூடியோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்து, போலி அன்னாசிப்பழத்துக்குள் பணத்தை ஒளித்துவைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஷால்ஃபோர்டின் பழைய மாவாலை அவர்களால்தான் பிழைத்தது. விளையாட்டாகத் தோன்றினாலும், கௌரவப் பட்டங்களுக்கு நடுவே பெயரே வேண்டாம் என்று கொடுத்தவர்கள் அவர்கள்.

அடுத்து வந்தது மாளிகைகளின் காலம். 1937, 1939ஆம் ஆண்டுச் சட்டங்கள் வழிவிட, வாரிசுரிமை வரியால் நொடித்த பிரபுக்கள் மாளிகைகளையும் அவற்றோடு பெரும் பண்ணை நிலங்களையும் டிரஸ்டிடம் விட்டார்கள். 1945இல் உறுப்பினர்கள் எட்டாயிரம் பேர்கூட இல்லை, நிலமோ பெருகிக்கொண்டிருந்தது. ஓய்வுநேரக் கௌரவ நிர்வாகிகளால் இதைத் தாங்க முடியவில்லை. சம்பளம் வாங்கும் நில முகவர்கள் வந்தார்கள்.

முயல் செத்ததும் வந்த தொண்டர்கள்

புரட்டலின் அடுத்த பாதிக்கு ஒரு நோய் காரணமானது. 1953இல் பிரிட்டனுக்குள் நுழைந்த மிக்சோமடோசிஸ் காட்டு முயல்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. சுண்ணாம்புக் குன்றுகளில் ஆட்டுமேய்ச்சல் ஏற்கெனவே சுருங்கியிருந்தது. புல்லைக் குட்டையாக வைத்திருந்த கடைசி வாய்களும் போயின. சில ஆண்டுகளில் புதர் மேலேறி, ஆர்க்கிட் பூத்த புல்வெளிகளை மூடத் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் அருகே 1899முதல் டிரஸ்ட் வைத்திருந்த விக்கென் சதுப்பிலும் இதே கதை. கூரைக்கும் அடுப்புக்கும் கோரையும் புல்கரியும் வெட்டிய ஊரார் அத்தொழிலை விட்டதும் சதுப்பைப் புதர்க்காடு பிடித்துக்கொண்டது.

1959இல் சர்ரேயின் பாக்ஸ் ஹில்லில் 42 பேர் புதர் வெட்டக் கூடினார்கள். புதிதாகத் தொடங்கிய கன்சர்வேஷன் கோர் அமைப்பின் முதல் வேலை அது. குன்று டிரஸ்டின் சொத்து. ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் தென்பகுதி 13 மைல் மீட்பும் இக்காலத்ததே. டேவிட் ஹட்சிங்ஸ் என்ற கட்டடக் கலைஞர் தொண்டர்களையும் ராணுவ வீரர்களையும் சிறைக்கைதிகளையும் சேர்த்து வேலை வாங்கினார். 1964இல் ராணித்தாய் அதைத் திறந்துவைத்தார். அறுபதுகளின் பிற்பகுதியில் விடுமுறைக்கு வந்து சுவர் கட்டுவதும் பாதை போடுவதும் டிரஸ்டின் வழக்கமான ஏற்பாடாயிற்று. நம் ஊர்க் கோயில்களின் உழவாரப்பணியைப் பார்த்தவர்களுக்கு இந்த உற்சாகம் விளங்கும்.

ஆய்வாளர்கள் பலர் இதைப் போருக்குப் பிந்தைய இளைஞர் எழுச்சியாகவும் சூழலியல் விழிப்பாகவும் விளக்குகிறார்கள். அது தவறல்ல, ஆனால் பாதிதான். பாக்ஸ் ஹில் தொண்டர்கள் செய்தது புதிய வேலையே அல்ல. மேய்த்தவர், விறகு வெட்டியவர், கோரை அறுத்தவர் ஆகியோர் தங்கள் பிழைப்புக்காகச் செய்துவந்த வேலை அது. அவர்களுக்கு அது உரிமை. உரிமை என்பதால்தான் வில்லிங்கேல் நீதிமன்றம் ஏற முடிந்தது. தொண்டருக்கு வந்து சேர்ந்தது அந்த உழைப்பு மட்டும். உரிமை லௌட்டன் மண்டபத்தின் செங்கல்லிலேயே தங்கிவிட்டது.

1967: குரல் கேட்ட இடம்

1965இல் கடற்கரை மீட்புக்காக ‘என்டர்பிரைஸ் நெப்டியூன்’ தொடங்கியது. ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஜான் விட்டோ தலைமையில் மாணவர்கள் கரையோரத்தை அளந்து, சுமார் 900 மைல் காக்கத் தக்கது என்று வரைபடத்தில் குறித்தார்கள். இயக்கத்தின் பொறுப்பாளர் கான்ராட் ரான்ஸ்லி, நிறுவனர் ரான்ஸ்லியின் பேரன், முன்னாள் கடற்படை அதிகாரி. டிரஸ்ட் மேட்டுக்குடியினரின் மடமாகிவிட்டது, உறுப்பினர்களுக்கு மதிப்பில்லை என்று அவர் வெளிப்படையாகவே பேசினார். 1966இல் அவரை நீக்கினார்கள். ஆதரவாளர்கள் 1967 பிப்ரவரியில் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்ட வைத்தார்கள், வாக்கெடுப்பில் தோற்றார்கள். தோற்றவர்களின் கேள்விகள் சும்மா போகவில்லை. ஹென்றி பென்சன் குழு அமைந்து, 1968இல் கொடுத்த அறிக்கையின்படி அதிகாரம் வட்டாரங்களுக்குப் பிரிந்தது. ஆனால் பாதி கவுன்சிலை வெளியார் நியமிக்கும் முறை அப்படியே நீடித்தது. பேரன் கேட்டது ஜனநாயகம், கிடைத்தது நிர்வாகச் சீரமைப்பு.

1981இல் உறுப்பினர்கள் பத்து லட்சம், 1990இல் இருபது லட்சம். அந்த 1990ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் டிரஸ்ட் நிலத்தில் மான் வேட்டையை நிறுத்தச் சொல்லி உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். தடை வந்தது 1997இல், விலங்கியலாளர் பேட்ரிக் பேட்சனின் ஆய்வறிக்கைக்குப் பிறகு. ஏழாண்டுகள் உறுப்பினர் வாக்கால் அசையாதது ஓர் அறிக்கையால் உடனே அசைந்தது. 2005இல் 52 பேர் அடங்கிய கவுன்சிலிடமிருந்து இறுதிப் பொறுப்பு 12 பேர் கொண்ட அறங்காவலர் குழுவுக்கு மாறியது.

தேர்தலில் வாக்களிப்பது உறுப்பினர். முடிவெடுப்பது அறங்காவலர். புதர் வெட்டுபவருக்கு, தொண்டர் என்ற முறையில், இரண்டும் கிடையாது. அவர் கையில் என்ன இருக்கிறது என்பது 2017 ஆகஸ்டில் நார்ஃபோக்கின் ஃபெல்ப்ரிக் மாளிகையில் வெளிப்பட்டது. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய சட்டம் தளர்ந்து ஐம்பதாண்டு ஆனதை ஒட்டி, தொண்டர்கள் வானவில் நிற அடையாளம் அணிய வேண்டும் என்று சொன்னார்கள். மறுத்தவர்களைப் பார்வையாளர் கண்ணில் படாத வேலைக்கு மாற்றினார்கள். அடையாளத்தின் நோக்கம் சரியா என்பது வேறு விவாதம். அதில் டிரஸ்டின் பக்கமே நியாயம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. கவனிக்க வேண்டியது நடந்த முறை. அவர்களிடம் வாக்கு இல்லை, சங்கம் இல்லை, நிறுத்திவைக்கச் சம்பளமும் இல்லை. சிலர் வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். செய்தி பத்திரிகைகளில் வந்த சில நாட்களில், அணிவது அவரவர் விருப்பம் என்று டிரஸ்ட் அறிவித்தது.