பேறுகால நோவும் முதுகில் இடும் ஊசியும்
சேதுக்கரையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் பேறுகால நோவு ஓர் இளம்பெண்ணைப் பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சேர்க்கிறது. நோவும் தனிமையும் ஊராரின் பழிச்சொல் பற்றிய அச்சமும் ஒருங்கே வருத்த, இதற்கு முன்பே மாண்டு மறக்கப்பட்டவளாக ஆகியிருக்கலாகாதா என்று மர்யம் (அலை) அரற்றுகிறார்கள். அந்தப் புலம்பலுக்கு வந்த மறுமொழியில் கண்டனம் இல்லை. பொறுமையின் சிறப்புப் பற்றிய போதனையும் இல்லை. கவலற்க என்ற ஆறுதலும், காலடியில் ஓடும் நீரும், மரத்தை அசைத்தால் உதிரும் கனிந்த பழமுமே மறுமொழியாகின்றன. இராமநாதபுரம் கடற்கரையின் முஸ்லிம் வீடுகளில் பேறுகாலம் நெருங்கும்போது இந்த அத்தியாயத்தை ஓதுவதும், பேரீச்சம்பழம் கொடுப்பதும், யாஸீன் ஓதித் தண்ணீர் ஊதிக் கொடுப்பதும் இன்றும் வழக்கில் உள்ளன.

அதே வீடுகளில் இப்பொழுது புதியதொரு வினா எழுந்துள்ளது. பிள்ளைப்பேற்றின் நோவைத் தணிக்க முதுகுத்தண்டின் அருகே மருந்து செலுத்தும் எபிடியூரல் முறையை ஏற்கலாமா? நோவைப் பொறுத்துக்கொள்வதில் நன்மை உண்டல்லவா, அதை மருந்தால் அகற்றுவது முறையா? வினா மார்க்க வினாவாகவே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால், மார்க்கத்தின் பக்கம் இதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே வழி திறந்திருப்பதையும், தடை வேறிடத்தில் இருப்பதையும் காண்கிறோம்.

நோவு இறைவன் விதித்த தண்டனை என்னும் கருத்தின் பிறப்பிடம் பைபிளின் ஆதியாகமம். கனியை உண்ட குற்றத்துக்காக ஏவாள் வேதனையோடு பிள்ளை பெறுவாள் என்று அங்கே கூறப்படுகிறது. 1847இல் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் முதலில் ஈதரையும் பின்னர் குளோரோஃபாமையும் பிள்ளைப்பேற்றில் பயன்படுத்தியபோது, இந்த வசனத்தை முன்வைத்து மறுப்பு எழக்கூடும் என்று கருதி, அவரே அதற்கு விடையாக ஒரு நூல் எழுதினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் இறைவன் அவரை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தியதாக அதே ஆதியாகமத்தில் வருவதை அவர் எடுத்துக்காட்டினார். 1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா அரசியார் தம் எட்டாவது குழந்தையை ஈன்றபோது, மருத்துவர் ஜான் ஸ்நோ 53 நிமிடங்கள் குளோரோஃபாம் அளித்தார். அரசியார் ஏற்றதை அவர் குடிமக்கள் பாவம் என்று சொல்வது எளிதாக இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையிலும் 1956இல் போப் பன்னிரண்டாம் பயஸ், நோவு தணிந்த பிள்ளைப்பேறு வேதத்துக்கு முரணாகாது என்று தெளிவுபடுத்தினார்.

குர்ஆன் கூறும் ஆதம் (அலை) வரலாறு வேறு. சறுக்கல் இருவருக்கும் உரியது. 20ஆம் அத்தியாயத்தில் ஆதமின் பெயரே சுட்டப்படுகிறது. இருவரும் மன்னிப்பு வேண்டுகின்றனர். பேறுகால நோவு ஹவ்வாவின் குற்றத்துக்கான தண்டனை என்று எந்த வசனமும் கூறவில்லை. லுக்மான், அஹ்காஃப் அத்தியாயங்கள் தாய் பட்ட துன்பத்தைப் பேசும்போது, பிள்ளை அவளுக்குப் பட்டுள்ள கடனை நினைவூட்டவே பேசுகின்றன. ஆயினும் இஸ்ராயீலிய்யாத் எனப்படும் முன்னை வேதத்தார் கதைகள் விரிவுரைகளில் கலந்தன. வஹ்ப் இப்னு முனப்பிஹ் வழியாக வந்த அத்தகைய செய்தியொன்று தபரீயின் பெருநூலிலும் இடம்பெற்றுள்ளது. நபிமார் கதைகளைக் கேட்டு வளர்ந்த நம் வீட்டு மூதாட்டியர் சிலர், ‘அது ஹவ்வா உம்மாவின் சாபம்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். சாபம் எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இக்கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். ஆகவே அந்த மத்ஹபின் நூல்கள் கூறுவது இங்கே தனிப்பொருள் உடையது. ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்), ‘ரவ்ழத்துத் தாலிபீன்’ நூலில் ஒரு மருத்துவ நிலையை ஆராய்கிறார்கள். அழுகிவிட்ட கையை வெட்டியெடுக்க வேண்டும், அதற்காக நோயாளியின் அறிவை மருந்தால் மயக்க நேரிடுகிறது, இது ஆகுமா? கருத்து வேறுபாட்டைச் சுட்டிய பின், ஆகும் என்பதே மிகச் சரியானது என்று முடிவு கூறுகிறார்கள். பஞ்ச் எனப்படும் மயக்கமூட்டும் மூலிகையைக் குறித்து ஃபிக்ஹு நூல்களில் வரும் விவாதமும் இதையொட்டியதே. அறிவையே தற்காலிகமாக நீக்கும் மருந்துக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இடம் தரப்பட்டதென்றால், எபிடியூரல் அதனினும் எளிய நிலை. அதில் தாயின் அறிவு மயங்குவதில்லை. குழந்தையின் முதல் அழுகையையும், அதன் காதில் சொல்லப்படும் பாங்கையும் அவள் விழிப்போடு கேட்கிறாள். ஷாஃபிஈ சட்டத்தை நம் பெண்கள் வீட்டிலிருந்தே அறிந்துகொள்ளக் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனும் செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898) ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்களை அரபுத்தமிழில் எழுதி வைத்தார்கள் என்பதையும் இங்கு நினைவுகூர்கிறோம்.

பொறுமைக்குச் சான்றாக உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாறு மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும். கால் வெட்டப்பட்டபோது மயக்க மருந்தை அவர்கள் மறுத்தார்கள். மறுத்தவர் நோயுற்றவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். தம் உடலுக்கு அவர்கள் எடுத்த முடிவு அது. மற்றொருவரின் வேதனையை மூன்றாமவர் பொறுமை என்று பெயரிட்டு நீட்டிப்பதற்கு அது ஆதாரமாகாது. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், பேற்றில் இறக்கும் பெண்ணை ஷஹீதாகக் கணித்ததும் ஹதீஸ் தொகுப்புகளில் ஒருங்கே உள்ளன. இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறைப்பது சரியன்று.

மயக்க மருந்தின் இந்திய வரலாற்றில் முஸ்லிம் அரசு ஒன்றுக்கும் பங்குண்டு. குளோரோஃபாம் உயிருக்கு ஆபத்தானதா என்பதை ஆராய 1888இலும் 1889இலும் ஹைதராபாத்தில் இரு ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் பொருளுதவி செய்தார். எட்வர்ட் லாரீ முன்னின்று நடத்தினார். குழுக்கள் கண்ட முடிவு பின்னாளில் முழுமையாக நிலைக்கவில்லை என்பது வேறு செய்தி.

சென்னை மாகாணத்தில் இதைவிட நமக்கு நெருக்கமான நிகழ்வு 1885இல் மேரி ஷார்லீப் நிறுவிய மருத்துவமனை. ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்கள் பேற்றில் படும் துன்பத்தைக் கண்ட அவர், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதற்பெண்களில் ஒருவரானார். ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அழைத்த அம்மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக உள்ளது. கோஷாப் பெண்கள் மருத்துவமனையை வெறுக்கவில்லை, தமக்கு ஏற்ற மருத்துவமனை இல்லாதிருந்தது என்பதை அதன் வரலாறு உணர்த்துகிறது. பெண் மருத்துவர் கிடைக்காதபோது தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்கலாம் என்று சட்ட நூல்கள் அனுமதித்துள்ளன. மயக்க மருத்துவர் ஆணாயிருப்பின் என்ன செய்வது என்று தயங்குவோர் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

சென்னையிலிருந்து சேதுக்கரைக்குத் திரும்புவோம். கீழக்கரை மரைக்காயர் வழக்கில் மகள் திருமணத்துக்குப் பின்னும் தாய் வீட்டிலேயே, அல்லது தாய்வீட்டார் அவளுக்கென அளித்த வீட்டிலேயே வாழ்வாள். கணவர் கொழும்பிலோ, பின்னாளில் வளைகுடா நாடுகளிலோ இருப்பார். எனவே பேறு தாயின் ஆட்சிக்குட்பட்ட அறையில், ஊர் மருத்துவச்சியின் கையில் நிகழ்ந்தது. பால்குடி மறக்கும்வரை குழந்தையின் நோய்களைத் தேர்ந்த மருத்துவரைக் காட்டிலும் மருத்துவச்சியே நன்கு அறிவாள் என்று இப்னு கல்தூன் ‘முகத்திமா’வில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது நம் ஊர்களின் மருத்துவச்சிகளே நினைவுக்கு வருகின்றனர். நோவைத் தணிக்க அவளிடம் இருந்தவை எண்ணெய்த் தேய்ப்பு, வெந்நீர், கைப்பிடி, துஆ. பேறு சிக்கலானால் அவளால் ஆகக்கூடியது சிறிதே.

சிக்கல் நேர்ந்தால் எங்கே கொண்டு செல்வது? 1931 அக்டோபர் 15 அன்று ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் இராமேசுவரத்தில் பிறந்தபோது, தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் 1914இல் திறக்கப்பட்ட இரயில் பாலம் ஒன்றே. ஒன்று இரயில், இன்றேல் படகு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாலம் சிதைந்து ஏறத்தாழ ஒன்றரை மாதம் அந்த வழியும் அற்றுப்போயிற்று. சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது. அதுவரை, இடுப்பு நோவு கண்ட பெண்ணை வண்டியிலேற்றி நள்ளிரவில் இராமநாதபுரம் கொண்டு செல்வது தீவில் இயலாத காரியம். இத்தகைய நிலத்தில் நோவைப் பொறுத்தல் ஓர் அறமாகப் போற்றப்பட்டதில் வியப்பில்லை. வேறு எதுவும் கிடைக்காத இடத்தில் பொறுமையே மருந்தாகிறது.

மருத்துவமனைப் பேறு பெருகிய பிறகு நடந்ததுதான் வியப்புக்குரியது. நவீன மருத்துவம் நம் பெண்களிடம் முதலில் கொண்டுவந்தது நோவைக் குறைக்கும் மருந்தை அன்று, நோவைக் கூட்டும் மருந்தை. 1953இல் அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டு விக்னோ ஆக்ஸிடோசினைச் செயற்கையாக உருவாக்கினார். தசைச்சுருக்கத்தை விரைவுபடுத்தும் அம்மருந்து உரிய அளவில் உயிர்காப்பது. ஆனால் பரவலாகப் பயன்பட்டபோது ‘வலி ஊசி’ என்றே பெயர் பெற்றது. ஊசி என்றால் வலி வருவதற்கு என்பதே வழக்காயிற்று! 1995இல் சென்னையை ஒட்டிய மீனவர் குப்பங்களில் ஆய்வு செய்து 2003இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலர் சிசிலியா வான் ஹாலன் இதைப் பதிவு செய்துள்ளார். வலியைத் தணிக்கும் மருந்தின்றி, வலியைக் கூட்டும் மருந்தோடு பிள்ளை பெற்ற அப்பெண்களில் பலர், வலியைத் தாங்குவது தம் சக்தியைப் பெருக்கும் என்று அவரிடம் கூறினர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கருத்தோ நம் வீடுகளில் கேட்பதே. மார்க்கத்தின் பெயரில் நாம் கேட்கும் மறுப்பில் பெரும்பகுதி இந்த மண்ணின் பொதுச் சொத்து.

எபிடியூரலின் கதையும் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. மொரோக்கோப் போர்க்களத்தில் பணியாற்றிய ஸ்பானிய இராணுவ மருத்துவர் ஃபிடெல் பாகெஸ் 1921இல் இடுப்புப் பகுதி வழியான முறையை விளக்கி எழுதினார். 1947இல் கியூபாவின் மானுவல் மார்ட்டினெஸ் குர்பெலோ மெல்லிய குழாயை உள்ளேயே விட்டு வைத்து மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் வழியைக் காட்டினார். தண்டுவடத்தை மூடிய வன்சவ்வுக்கு வெளியே உள்ள இடைவெளியில் குழாய் நிற்கும். புபிவாகெய்ன் போன்ற மருந்து அங்குள்ள நரம்புகளை மரக்கச் செய்யும். பதினைந்து, இருபது நிமிடங்களில் நோவு தணியும். தள்ளும் உணர்வு ஓரளவு எஞ்சியிருக்கும்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் தாழலாம். காய்ச்சலும் அரிப்பும் வரலாம். கால்கள் சில மணி நேரம் கனக்கும். பேற்றின் இறுதிக் கட்டம் நீளலாம். சவ்வு தவறுதலாகத் துளைபட்டால் கடுந்தலைவலி உண்டாகும். இது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு நேர்கிறது. நிலையான நரம்புப் பாதிப்பு மிக அரிது. இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும், ஊசியிடும் இடத்தில் தொற்று உள்ளவர்களுக்கும் இது ஆகாது. ஆனால் நம் வீடுகளில் அதிகம் அஞ்சப்படுபவை இவையல்ல. ‘முதுகில் ஊசி போட்டால் காலமெல்லாம் முதுகு வலிக்கும்’, ‘கடைசியில் வயிற்றைக் கிழிக்க வேண்டிவரும்’ என்பனவே. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியான காக்ரேன் ஆய்வு, இவ்விரண்டுக்கும் ஆதாரம் காணவில்லை. நோவு தணிப்பு வேண்டும் நலமுள்ள பெண்ணுக்கு, அவள் விருப்பத்துக்கேற்ப இம்முறையை அளிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் பரிந்துரைத்தது.

முதுகில் ஊசி நமக்குப் புதிதும் அன்று. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவைப் பேறுகள்; தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 விழுக்காடு. அவற்றில் பெரும்பாலானவை முதுகில் ஒரு முறை இடும் தண்டுவட ஊசியோடுதான் நடைபெறுகின்றன. அறுவைக்கென அந்த ஊசியை ஏற்கும் குடும்பம், நோவுக்கென்றால் மறுப்பது ஏன் என்பதைச் சிந்திக்க வேண்டும். அறுவை ஊசிக்கு மயக்க மருத்துவர் ஒரு மணி நேரம் இருந்தால் போதும். எபிடியூரலுக்கோ, நோவு தொடங்கியது முதல் பேறு முடியும்வரை, இரவாயினும் பகலாயினும், அவர் அழைத்தால் வரும் தொலைவில் இருந்தாக வேண்டும். தாயின் இரத்த அழுத்தத்தையும் சேயின் இதயத்துடிப்பையும் இடைவிடாது கவனிக்கச் செவிலியர் வேண்டும். உண்மையான தடை இதுவே. இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது இக்கடற்கரைக்குப் பெரும் பேறு. ஆயினும் இராமேசுவரத்துப் பெண்ணுக்கு அது ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு. மதுரை அதனினும் தொலைவு. ஆகவே இம்முறையை நாடுவோர், பேறு பார்க்கவிருக்கும் மருத்துவமனையில் இரவிலும் மயக்க மருத்துவர் உண்டா, கட்டணம் எவ்வளவு என்பவற்றை ஏழாம் மாதத்திலேயே கேட்டறிதல் நன்று. நோவு கண்ட பின் கேட்கும் கேள்வியல்ல அது.

யார் முடிவு செய்வது என்பது எஞ்சி நிற்கிறது. பேற்றறை வாசலில் உம்மா ஒன்று சொல்வார், மாமியார் மற்றொன்று சொல்வார், துபாயிலிருந்து கைப்பேசியில் கணவர் வேறொன்று சொல்வார். உள்ளே இருப்பவளிடம் கேட்பதற்குள் பொழுது கழிந்துவிடும். இவர்களுடைய அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் 2008 ஜனவரி 16 அன்று சமீரா கோலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆராய்ந்ததும் ஏறத்தாழ இதே நிலைமைதான். சோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயின் ஒப்புதலைப் பெற்று மருத்துவர் பேரறுவை செய்திருந்தார். வயது வந்த, தெளிந்த அறிவுடைய பெண்ணின் உடலுக்கு, உயிர் காக்கும் அவசரம் இல்லாத நிலையில், தாயின் ஒப்புதல் செல்லாது. அவளுடைய ஒப்புதலே வேண்டும் என்றது நீதிமன்றம். எபிடியூரலுக்கான படிவத்திலும் கையொப்பமிட வேண்டியவள் அவளே. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவளுக்கே உரியது.