சரிவும் நுழைவாயிலும்: கடலோரக் குன்றுகளில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வளர்ச்சி

கடலை நோக்கிய குன்றுச் சரிவில் பல குடும்பங்களை ஒருங்கே குடியமர்த்தும் கட்டடக்கலையின் வரலாறு பெரும்பாலும் கடற்காட்சியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காட்சியோ எந்தச் சரிவிலும் செலவின்றிக் கிடைப்பது. வடிவமைப்பாளரை உண்மையில் சோதித்தவை வேறு இரண்டு: குடியிருப்போர் கட்டடத்துக்குள் எந்த உயரத்தில் நுழைவது என்பதும், சரிவின் மண்ணை என்ன செய்வது என்பதும். 1930களின் அல்ஜியர்ஸ் முதல் 1990களின் கோபே வரை இவ்விரு கேள்விகளுக்கும் கிடைத்த விடைகள் எவ்வாறு மாறின என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1929இல் ரியோ டி ஜெனீரோவுக்குச் சென்ற கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே, மலைகளுக்கும் விரிகுடாவுக்கும் இடையே வளைந்து செல்லும் உயர்ந்த நெடுஞ்சாலை ஒன்றையும் அதன் வயிற்றுக்குள் அடுக்கடுக்கான வீடுகளையும் வரைந்தார். அவ்வெண்ணம் 1931–32இல் அல்ஜியர்ஸ் நகருக்கான திட்டமாக விரிந்து, கடற்கரையோரச் சாலைப் பாலத்தின் அடியில் 1,80,000 பேரைக் குடியமர்த்தும் அளவுக்குச் சென்றது. சாலை கூரையில் இருப்பதால் வீட்டுக்கு மேலிருந்து இறங்கிச் செல்ல வேண்டும் என்பதே அதில் புதுமை. நகர நிர்வாகம் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் பழைய நகரம் அதன் நிழலில் நசுங்கியிருக்கும் என்பதால், மறுப்பைக் குறைசொல்ல இடமில்லை.

அந்த வரைபடத்தை மனித அளவுக்குச் சுருக்கிக் கட்டிக் காட்டியவர் பிரேசிலின் அஃபோன்சோ எடுவார்தோ ரெய்தி. கூட்டாட்சித் தலைநகராக அப்போதிருந்த ரியோவின் மக்கள் குடியிருப்புத் துறைக்குப் பொறியாளர் கார்மென் போர்ட்டின்யோ தலைமை வகித்த காலத்தில், சம்பளம் குறைந்த நகராட்சி ஊழியர்களுக்காக பெத்ரெகுல்யோ குடியிருப்பு 1940களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டது. அதன் முதன்மைக் கட்டடம் சமவுயரக் கோட்டை, அதாவது சரிவில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோட்டை, அடியொற்றி ஏறத்தாழ 260 மீட்டர் நீளத்துக்கு வளைந்து நிற்கிறது. கட்டடத்தைத் தூண்கள் தாங்குவதால் சரிவை மட்டப்படுத்தும் தேவை பெரிதும் குறைந்தது. நுழைவின் விடை இன்னும் கூர்மையானது. குன்றின் மேற்பகுதியிலிருந்து பாலங்கள் வழியாக மக்கள் நேரே நடுத்தளத்துக்கு வருகின்றனர். சுவரின்றித் திறந்து கிடக்கும் அத்தளத்திலிருந்து சிலர் ஓரிரு மாடி இறங்கிச் சிறிய வீடுகளுக்கும், சிலர் ஏறி ஈரடுக்கு வீடுகளுக்கும் செல்கின்றனர். ஏழு தளக் கட்டடம் மின்தூக்கி இல்லாமலேயே இயங்க முடிந்தது. ஏற்றத்தின் பெரும்பகுதியைக் குன்றே முடித்து வைத்துவிட்டது. பொதுச் சலவையகம், பள்ளி, நீச்சல் குளம், மருத்துவ நிலையம் ஆகியவையும் திட்டத்தில் இடம்பெற்றன.

இதே வழியில் இத்தாலியின் ஜெனோவாவில், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான தொழிலாளர் வீட்டுவசதித் திட்டத்தின் பகுதியாக, லூயிஜி கார்லோ தானேரி குழுவினர் ஃபோர்த்தே குவெட்சிக் குன்றில் 500 மீட்டரையும் தாண்டும் வளைகட்டடத்தை எழுப்பினர். நீளம் கூடியதே தவிர அடிப்படைக் கருத்தில் மாற்றமில்லை.

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. 1949இல் பிரான்சின் ரொக்புரூன் என்ற மத்தியதரைக் கடலோர மலையூரின் அடிச்சரிவுக்காக லெ கொர்பூசியே வரைந்த, கட்டப்படாமலே போன திட்டத்தில், நீண்ட நாடா வடிவம் கைவிடப்பட்டது. ஒரே அளவிலான குறுகிய அறைக்கூறுகள் படிப்படியாகச் சரிவில் இறங்க, அவற்றுக்கிடையே பழைய மலையூர்களின் படிச்சந்துகள் மீண்டும் தோன்றின. சரிவின்மேல் நிற்கும் கட்டடம் என்ற எண்ணம் விலகி, சரிவாகவே மாறிய கட்டடம் என்ற எண்ணம் இங்கு உருக்கொண்டது.

அது கடலோரத்தில் முழுமை பெற்ற இடம் ஜப்பானின் கோபே. ரொக்கோ மலைத்தொடருக்கும் ஒசாகா விரிகுடாவுக்கும் இடையே ஒடுங்கிய பட்டையாகக் கிடக்கும் அந்நகரில் சமநிலம் அரிது. நகராட்சி 1960கள் முதல் குன்றுகளை வெட்டி, மண்ணைக் கடலில் கொட்டிச் செயற்கைத் தீவுகளை உருவாக்கியது. வெட்டிய இடங்கள் புதுக் குடியிருப்புகளாயின. ரொக்கோவின் கருங்கல் சிதைந்து எளிதில் சரியும் மணலாக மாறும் இயல்புடையது. 1938 ஜூலைப் பெருமழையில் அது சேற்று வெள்ளமாக இறங்கிப் பல நூறு உயிர்களைக் கொன்றது. இத்தகைய மலையில், அடிவாரச் சமதரையில் வீடு கேட்டு வந்த உரிமையாளரிடம், பின்னாலிருந்த 60 பாகைச் சரிவிலேயே கட்டலாம் என்று 1978இல் கட்டடக்கலைஞர் தடாவோ ஆன்டோ வாதிட்டார். 1983இல் முடிந்த முதல் பகுதியில் 5.4 × 4.8 மீட்டர் கட்ட அளவில் அமைந்த 20 வீடுகள் உள்ளன. அவை மலைக்குள் ஓரளவு புதைந்தவை; ஒன்றின் கூரை மேலுள்ளதற்கு மொட்டை மாடியாகிறது. சீரான கட்டங்கள் சீரற்ற சரிவில் உட்காரும்போது எழும் இடைவெளிகளே படிகளும் முற்றங்களுமாயின. எனவே இங்கு ஒற்றை நுழைவுத்தளம் என்பதே மறைந்து, ஒவ்வொரு உயரமும் ஒரு தெருவாகிவிட்டது. 1993இல் முடிந்த இரண்டாம் பகுதி 5.2 மீட்டர் சதுரக் கட்டங்களில் 50 வீடுகளைக் கொண்டது.

இவ்வளர்ச்சியில் இழப்பும் உண்டு. ரியோவிலும் ஜெனோவாவிலும் அரசு குறைந்த வருவாயினருக்காகக் கட்டியது. கோபேயில் அவ்வடிவம் வசதி படைத்தோரின் தனியார் குடியிருப்பாயிற்று. செங்குத்துச் சரிவில் கான்கிரீட்டை ஊன்றுவதற்காகும் செலவு இதற்கு ஒரு காரணம். பொதுப்பணம் வேறிடம் சென்றது மற்றொன்று. 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் கோபேயும் சுற்றுப்பகுதியும் சேர்ந்து 6,400க்கும் மேற்பட்டோரை இழந்தன; குன்று மண்ணால் ஆன தீவுகளில் நிலம் நீர்போல் இளகியது. ரொக்கோ சரிவில் ஆன்டோ கட்டிய வீடுகளோ பெருஞ்சேதமின்றி நின்றன. அவற்றுக்குப் பின்புறச் சரிவில் ஓர் எஃகு நிறுவனத்தின் ஊழியர் விடுதி இருந்தது. அவ்விடத்துக்கு யாரும் கேளாமலேயே ஆன்டோ முன்னர் வரைந்து கொடுத்து, உரிமையாளர் அக்கறை காட்டாத மூன்றாம் பகுதி, வீடிழந்த நகரின் தேவையால் உயிர்பெற்று 1999இல் கட்டி முடிக்கப்பட்டது.