மைக்கேல் ஜான்சன்

மைக்கேல் ஜான்சன் (1656–1731) இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரப் புத்தக வணிகர்; அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனின் தந்தை. டெர்பிஷயரின் கியூப்ளியில் பிறந்து, லண்டனில் தொழில் பழகி, 1681-இல் லிச்ஃபீல்டில் கடை திறந்தார். புத்தகங்களை விற்றதோடு நூற்கட்டும் செய்தார். மருத்துவர் ஜான் ஃபிளாயரின் நூலை 1687-இல் பதிப்பித்தார். யுட்டாக்சிட்டர் போன்ற ஊர்களின் சந்தைகளிலும் கடை போட்டார். 1706-இல் சாரா ஃபோர்டை மணந்தார். அவ்வாண்டில் டெர்பி பிரபுவின் நூலகத்திலிருந்து ஏறத்தாழ 3,000 நூல்களை வாங்கியதில் பெரும்பணம் முடங்கியது. 1709-இல் நகர ஷெரீஃப் ஆனார். எழுதுதோல் பட்டறையும் நடத்தினார். அதன் பின்பக்கம் இடிந்து கிடந்தபோதும், முன்கதவைத் தவறாமல் பூட்டி வந்தார் என்று மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். கடன் சுமையோடு 1731 டிசம்பரில் காலமானார். மனைவியும் இளைய மகன் நத்தானியேலும் கடையைத் தொடர்ந்தனர். மைக்கேல் கட்டிய வீடு இன்று சாமுவேல் ஜான்சன் அருங்காட்சியகம்.