கணவாய் ரயில் நிலையங்கள்: மூட்டை ஏறிய வழியும் மனிதர் ஏறும் வழியும்

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டார்கள். கல்வெட்டு, செப்பேடு பற்றி எழுதத் தகுதியுள்ள பெரியோர் பலர் இருக்கிறார்கள். நான் தவசம், பருப்பு வியாபாரம் செய்து வயிறு வளர்த்தவன். 1980களில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்கு வந்தேன். மேலாமுறிச் சந்தைக்கும் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்கும் நடந்தே செருப்புத் தேய்ந்தது. ஆகவே எனக்குத் தெரிந்த இடத்தைப் பற்றியே எழுதுகிறேன். நாம் ஊருக்குப் போக ஏறும் இடம், வந்து இறங்கும் இடம். அதுதான் நம் ரயில் நிலையம்.

ஒலவக்கோடு வந்த கதை

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்த பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். கொங்கு நாட்டையும் மலையாளக் கரையையும் இணைத்த வணிகப் பெருவழி இதன் வழியேதான் போனது. வெள்ளைக்காரன் இருப்புப் பாதை போட்டபோதும் இந்த வாசலையே பிடித்துக்கொண்டான். சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணி வண்டியை மதராஸ் ரயில்வே 1856 ஜூலை 1 அன்று ஓட்டியது. மேற்குக் கரையில் 1861 மார்ச்சில் திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே பாதை திறந்தது. 1862இல் இரண்டு முனைகளும் கணவாய் வழியாக இணைந்தன. கிழக்குக் கடலோரம் ஏறியவர் மேற்குக் கடலோரம் இறங்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

ஆனால் ஒன்று பாருங்கள். அந்தப் பெரும்பாதை பாலக்காட்டு ஊருக்குள் வரவில்லை. கல்பாத்திப் புழைக்கு வடக்கே, ஊரிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஒலவக்கோட்டில் நிலையம் வந்தது. சீமைக் கம்பெனியின் கணக்கு துறைமுகக் கணக்கு, சரக்குக் கணக்கு. ஊர்க்காரன் வண்டி பிடிக்க வேண்டுமானால் புழை தாண்டி வரட்டும் என்பதே ஏற்பாடு. பிறகு அந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஊருக்குள் ஒரு கிளைப் பாதை போட்டார்கள். அதன் முனைதான் இன்றைய பாலக்காடு டவுன் நிலையம். ஆக நம் நிலைய வரலாற்றின் முதல் அத்தியாயமே "எட்டாத தூரத்தை எட்டவைப்பது" என்பதுதான்.

1956இல் கோட்டத் தலைமையிடம் போத்தனூரிலிருந்து ஒலவக்கோட்டுக்கு மாறியது. அதே ஆண்டு நவம்பர் 1இல் மொழிவழி மாநிலம் பிரிந்தது. அதுவரை மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்தில் சேர்ந்தது. வண்டி அதே வண்டி, நிலையம் அதே நிலையம். ஏறியவர்கள் மட்டும் ஒரே இரவில் வெளிமாநிலத் தமிழர் ஆனார்கள். ஒலவக்கோடு சந்திப்பு என்ற பெயர் பின்னர் பாலக்காடு சந்திப்பு என்றானது. எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு இன்றும் அது ஒலவக்கோடுதான்.

அகலம் மாறிய கதை

1932இல் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர் பாதை திறந்தது. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம், ஆனைமலை ரோடு என்று ஆலமரத்தடி நிலையங்களாக, சுமார் 55 கிலோமீட்டர். சித்தூர் தாலுகாவிலும் கொல்லங்கோட்டுப் பக்கமும் தமிழ் பேசும் குடும்பங்களுக்கு அதுதான் பழனிக்கும் மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் வழி.

இங்கே ஒரு சங்கடம். பெரும்பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். பொள்ளாச்சிப் பாதையோ 1,000 மில்லிமீட்டர். ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. மூட்டையை இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். இந்த ஏத்தி இறக்கும் கூலி எங்கள் கணக்குப் புத்தகத்தில் தனிப் பத்தியாகவே இருந்தது.

இந்தத் தொல்லையைத் தீர்க்க அகலப்பாதைப் பணி வந்தது. 2008 இறுதியில் பொள்ளாச்சி வண்டிகள் நின்றன. மறுபடி ஓடியது 2015இல். ஏழு ஆண்டுகள்! தண்டவாளம், பாலம், நடைமேடை எல்லாம் புதிதாயின. பாலக்காட்டிலிருந்து திருச்செந்தூருக்கு நேர் வண்டி கிடைத்தது. திருவனந்தபுரம் அமிர்தா எக்ஸ்பிரஸ் பின்னர் இவ்வழியே மதுரைக்கு நீண்டது. ஆனால் இடைப்பட்ட ஏழு ஆண்டில் பஸ்ஸுக்குப் பழகியவர்கள் பலர் திரும்பவில்லை. நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலையில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கதவை அகலமாக்க வேண்டுமென்று வீட்டையே ஏழு வருஷம் பூட்டி வைத்தால், விருந்தாளி வேறு வீடு பார்த்துக்கொள்வான்.

சரக்கு மேடையும் ஆள் மேடையும்

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்ஸ் ஷெட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சரக்கு மேடையின் உயரமும் வேகன் தளத்தின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ரயில்வேயின் அளவுச் சட்டப்படி அகலப்பாதையில் சரக்கு மேடை 1,065 மில்லிமீட்டர் வரை உயரலாம். பலகை ஒன்றைப் போட்டால் கைவண்டி நேராக உள்ளே போகும். நெல் மூட்டைக்குப் படி ஏறத் தெரியாது, அதனால் மேடையை உயர்த்திக் கொடுத்தார்கள். நல்ல காரியம்.

பயணிகள் நடைமேடை எப்படி? உயர்ந்த மேடை என்று சொல்வதே 760 முதல் 840 மில்லிமீட்டர் வரைதான். பெட்டியின் தளமோ ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். மிச்சம் நாற்பது சென்டிமீட்டரை, அதாவது ஒன்றேகால் அடிக்கு மேல், பயணி தன் முழங்காலால் ஈடுகட்ட வேண்டும். பழைய மீட்டர் பாதை நிலையங்களில் மேடையே ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதல்தான். தரையோடு தரையாக இருந்த இடங்களில் ஏணி ஏறுவது போலத்தான்.

ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் இதே கதை. மனிதருக்கு மேம்பாலப் படிக்கட்டு. பார்சல் தள்ளுவண்டிக்கோ மேடைக் கோடியில் சாய்வாக இறங்கித் தண்டவாளத்தைக் கடக்கும் சமமான வழி. சக்கர நாற்காலியில் வருபவரைப் பல நிலையங்களில் அந்தப் பார்சல் வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வண்டி வருகிறதா என்று இரு பக்கமும் பார்த்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

என் மூத்த அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் போயிற்று. கோயம்புத்தூரில் வைத்தியம். ஒருமுறை இந்தப் பாதையில் ஒரு சிறிய நிலையத்தில், பெயர் வேண்டாம், வண்டி இரண்டாம் மேடைக்கு வருகிறது என்று கடைசி நேரத்தில் அறிவித்தார்கள். சுமைதூக்கும் தம்பிகள் இருவர் நாற்காலியோடு அவளைத் தூக்கிப் படியேறினார்கள். அன்புள்ளம் கொண்ட பிள்ளைகள், காசும் வாங்கவில்லை. மேலே போனதும் அக்கா என்னிடம், "தம்பி, உன் கடை மூட்டையை இப்படித்தான் தூக்குவாங்களா?" என்றாள். இல்லை அக்கா, மூட்டைக்குச் சமதளம் உண்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சட்டம் சொல்வது

இதெல்லாம் இரக்கப்பட்டுச் செய்யும் காரியம் என்று நினைப்பவர்கள் உண்டு. அல்ல. 1995இலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தது. 2007இல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. 2015 டிசம்பர் 3இல் சுகம்ய பாரத் என்னும் இயக்கம் தொடங்கியது. 2016இல் புதிய உரிமைச் சட்டம் வந்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2017இலும் 2024 நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணுகும் வசதிக்கான அளவுகள் விருப்பப்பட்டால் செய்யும் ஆலோசனையாக மட்டும் இருக்கக்கூடாது, கட்டாய விதியாக வேண்டும் என்பதே 2024 தீர்ப்பின் சாரம்.

ரயில்வே தனக்கென வைத்திருந்த பட்டியலையும் பார்க்கலாம். நுழைவாயிலில் சாய்தளம், வழுக்காத நடைபாதை, வண்டி நிறுத்த ஒதுக்கிடம், ஏற்ற கழிப்பறை, எட்டும் உயரத்தில் குடிநீர்க் குழாய், உதவி மையம் ஆகியவை குறுகிய கால வசதிகள். மேடைவிட்டு மேடை செல்லும் வசதி நீண்ட கால வசதி. வாசலில் சாய்தளம் ஏறி உள்ளே வந்தவர், எதிர் மேடை வண்டியை "நீண்ட காலம்" பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்!

ஏன் தாமதம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். மின்கம்பிக்கு மேலே போகும் நடைபாலம் ஆறு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்கு 72 மீட்டர் சாய்தளம் வேண்டும். இடையிடையே இளைப்பாறும் சமதளமும் வேண்டும். ஆகவே லிஃப்ட் தேவை. பாலக்காடு சந்திப்பு போன்ற பெரிய நிலையங்களுக்கு லிஃப்டும் நகரும் படியும் வருகின்றன. பயணியர் எண்ணிக்கையும் வருமானமும் பார்த்து நிலையங்களை வகைப்படுத்துவதால், முதலமடைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் முறை வர நாளாகும். முழங்கால் வலி மட்டும் வகை பார்த்து வருவதில்லை.

முடியாத காரியமா என்றால் இல்லை. 2002இல் திறந்த டெல்லி மெட்ரோவில் ஆரம்பத்திலேயே லிஃப்டும், பார்வையற்றோர் காலால் உணரும் தடமும், பெட்டித் தளத்துக்கு இணையான மேடையும் வைத்தார்கள். அதைக் கட்டி முடித்த ஈ. ஸ்ரீதரன் பிறந்தது நம் பாலக்காடு மாவட்டத்தில்! மும்பையில் 2014இல் காட்கோபர் நிலையத்தில் மேடை இடைவெளியில் விழுந்த மாணவி ஒருவர் இரு கைகளையும் இழந்தார். உயர்நீதிமன்றம் தலையிட்டது, புறநகர் நடைமேடைகளை 900 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். சென்னையில் புறநகர் வண்டிகள் நிற்கும் பரங்கிமலை நிலையம் அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22இல் திறந்தது. ஷொரணூரும் ஒற்றப்பாலமும் அதே திட்டப் பட்டியலில் உள்ளன.

இடுக்கியின் பாடம்

நம் சகோதரர்கள் தேயிலை மலைகளில் வாழும் இடுக்கி மாவட்டத்தில் இன்று ரயிலே இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது. 1908இல் அது குறுகிய பாதை ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி தமிழ்நாட்டு அடிவாரத்துக்கு இறங்கின, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டவில்லை. அங்கேயும் பாருங்கள், தேயிலைப் பெட்டிக்கு ஆகாயத்தில் வழி இருந்தது. அதைப் பறித்த நம் பாட்டிமார் நடந்தே மலை ஏறி வந்தார்கள்.

1928இல் மதுரையிலிருந்து போடிக்கு வந்த பாதை 2010 இறுதியில் அகலப்படுத்த மூடப்பட்டது. தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூன் 15ஆம் தேதியும் வண்டி திரும்பியது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். மூணாறு, பூப்பாறை மக்களுக்குப் பக்கத்து ரயில் இன்று அதுவே.

நாம் கேட்க வேண்டியது

பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. ஒன்று: சிறிய நிலையங்களில் லிஃப்ட் வரும்வரை, கூடியமட்டும் வண்டிகளை வாசலையொட்டிய முதல் மேடைக்கே எடுக்கட்டும். இரண்டு: மேடை மாறினால் முன்கூட்டியே, தமிழிலும் மலையாளத்திலும் சொல்லட்டும். மூன்று: கார்டு பெட்டியை ஒட்டி வரும் மாற்றுத்திறனாளி பெட்டி எங்கே நிற்கும் என்று மேடையில் அடையாளம் இருக்கட்டும், அங்கே மடக்குச் சாய்பலகை ஒன்று இருக்கட்டும். கூட்ஸ் ஷெட்டில் நாங்கள் போட்ட பலகைதான் அது, புதுக் கண்டுபிடிப்பு இல்லை.

நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே அன்பர்கள் பலர் உண்டு. எழுதத் தெரிந்த பிள்ளைகளும் உண்டு. கொல்லங்கோடு முதல் மீனாட்சிபுரம் வரை ஒவ்வொரு நிலையத்திலும் மேடை உயரம், படி எண்ணிக்கை, கழிப்பறை வாசல் அகலம் ஆகியவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்து எழுதி, கோட்ட அலுவலகத்தில் கொடுத்தால் அதற்கு மதிப்புண்டு. வாயால் சொன்ன குறை காற்றோடு போகும், அளந்து எழுதிய கணக்குக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இது நாற்பது வருஷ வியாபாரத்தில் நான் கற்றது. அளவு நாடா என் கடையில் இருக்கிறது. வர விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.