தண்டிக்கப்பட்டவர் யார்?

ஆட்சியாளரும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவரே என்பது இஸ்லாமிய நீதிமரபின் அடிப்படை. கலீஃபா அலீ (ரலி) அவர்கள் தம் கவசம் குறித்த வழக்கில் காழீ ஷுரைஹ் முன் வாதியாக நின்றதையும், ஏற்கத்தக்க சாட்சியம் இல்லாமையால் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்ததையும் மரபுவழிச் செய்திகள் எடுத்துரைக்கின்றன. எனவே, முன்னாள் தலைவர்களை விசாரிக்கலாமா என்பதன்று நம் கேள்வி. எந்தச் சட்டத்தால், யார் விசாரிப்பது என்பதே கேள்வி. அண்டை நாடான இலங்கையின் வரலாறு இதற்குத் தக்க படிப்பினையாகும்.

1977 ஜூலைத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கட்சி 168 இடங்களுள் எட்டினை மட்டுமே பெற்றது. அவரது ஆட்சி குறையற்றதன்று. 1971 கிளர்ச்சியையொட்டி வந்த அவசரநிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1972 அரசியலமைப்பின் வழியே நாடாளுமன்றத்தின் ஆயுளும் ஈராண்டுகள் நீட்டிக்கப்பட்டது. இவற்றுக்கு விளக்கம் கோருவதில் நியாயம் இருந்தது.

ஆனால், ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரசு வழமையான நீதிமன்றங்களை நாடவில்லை. 1978இல் தனிச்சட்டம் இயற்றி, விசேட ஜனாதிபதி ஆணைக்குழுவை அமைத்தது. சட்டத்திற்கு முந்திய நிகழ்வுகளை விசாரிக்க அதற்கு அதிகாரமில்லை என மேன்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தபோது, நாடாளுமன்றம் முன்தேதியிட்டுச் செல்லும் திருத்தத்தால் அத்தடையை அகற்றியது. 1980 அக்டோபர் 16 அன்று சிறிமாவோவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன.

அதனால், 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவரால் போட்டியிட இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பின் மூலம் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகள் நீட்டித்துக்கொண்டது, அவரைத் தண்டித்த அதே அரசு! அடுத்த பொதுத்தேர்தல் 1989இலேயே நடந்தது. 1983 வன்முறையும் அதன்பின் மூண்ட போரும் இந்த இடைவெளியில் நேர்ந்தவை. அவற்றுக்கு இதுவொன்றே காரணமென நாம் கூறவில்லை. ஆயினும், வாக்குச்சீட்டால் ஆட்சியைத் திருத்தும் வழி அப்போது அடைபட்டிருந்தது.

பாகிஸ்தான் இதனினும் கொடிய எல்லைக்குச் சென்றது. உச்சநீதிமன்றத்தின் நான்குக்கு மூன்று என்ற தீர்ப்பின்பேரில், சுல்ஃபிகர் அலீ பூட்டோ 1979 ஏப்ரல் 4 அன்று தூக்கிலிடப்பட்டார். அவ்விசாரணை நேர்மையானதாக இல்லை என அதே நீதிமன்றம் 2024இல் கருத்துரைத்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த அவ்வுரை, போன உயிரை மீட்கவில்லை.

தலைவர்களை விசாரணைக்கு அப்பாற்பட்டோராக்குவது அநீதி. தோற்றவருக்கென்றே தனிச்சட்டம் வகுப்பதும் அநீதியே. குடிமகனுக்குரிய அதே சட்டம், அதே நீதிமன்றம் தலைவருக்கும் போதும். அந்த எல்லையை மீறும்போது தண்டனை பெறுவது தனிமனிதர் மட்டுமல்லர். தமக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற மக்களும்தாம்.