களிம்புக்குப் பயந்து திருப்பிய கம்பி

செம்புக் குடத்துல களிம்பு ஏறினா புளி போட்டுத் துலக்குவோம். பழைய காரோட வயர் முனையில பச்சையா பூத்திருக்கிறதும் அந்தச் செம்போட களிம்புதான். இதுக்குப் பயந்து ஒரு காலத்தில் கார்களின் பேட்டரி இணைப்பையே தலைகீழா மாத்தினாங்க.

இன்னிக்கு எல்லா வண்டியிலும் பேட்டரியோட நெகட்டிவ் முனையைத்தான் பாடியில சேர்க்கிறோம். அதுதான் எர்த். 1930களின் நடுவில் பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவை பாடிக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அவங்க போட்ட கணக்கு இது: ஈரத்துல கரண்டு கசிஞ்சா பாசிட்டிவ் பக்கத்து உலோகம்தான் கரையும். சன்னமான செம்பு முனைகள் நெகட்டிவா இருந்தா பிழைக்கும், தடியான இரும்பு பாடி தாங்கிக்கும்.

யோசனை பழசுதான். 1824லேயே ஹம்ப்ரி டேவி, கப்பலின் செம்புத் தகட்டோட இரும்பு, துத்தநாகத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். துண்டுகள் கரைஞ்சது, செம்பு தப்பிச்சது. மண்ணுக்குள்ள போற கேபிளைக் காப்பாத்த, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளிலும் பாசிட்டிவைத்தான் எர்த் பண்ணினாங்க.

நம்ம அம்பாசடருக்குத் தாய் வண்டியான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸும் பாசிட்டிவ் எர்த்தான். ஆனா காரில் இந்தக் கணக்கு முழுசா பலிக்கல. பேட்டரி முனையில் பூக்கிறதுக்கு முக்கியக் காரணம் உள்ளேயிருந்து கசியும் ஆசிட். எந்தப் பக்கம் எர்த்தா இருந்தாலும் அது விடாது. 1960களில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வரவும் நெகட்டிவுக்கே திரும்பினாங்க. எம்.ஜி.பி. கார் 1967இல் மாறியது.

கடைசியில் நிலைச்சது சுத்தம் பண்ற பழக்கம்தான். எங்க டிராக்டருக்கும் இதையே செய்யறேன். முதல்ல எர்த் கம்பியைக் கழட்டணும். சோடா உப்பு கரைச்ச வெந்நீரால கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, நல்லா காயவிட்டு முடுக்கணும். அப்புறம் மேலாக வேசலின் பூசினா ஈரமும் காத்தும் அண்டாது.

பழைய பிரிட்டிஷ் கார் வாங்கியிருக்கீங்களா? பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு பாருங்க. நடுவுல யாராவது மாத்தியும் இருக்கலாம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில தலைகீழா கொடுத்தா டயோடு போயிடும். அதுக்கு வேசலின் உதவாது.