பழைய மெத்தையும் பஞ்சு கொட்டியவரும்

சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் ஒரு திருமணம் நிகழ்ந்தது. வீட்டைச் சீர்செய்து வெள்ளையடிக்கும் வேளையில், என் தாயாரின் திருமணத்திற்காகத் தைக்கப்பட்ட பழைய பருத்தி மெத்தை பரணிலிருந்து இறங்கியது. "அத்தா, இது கல்லாய்ப் போய்விட்டதே! இதைத் தூக்கிப் போட்டுவிட்டு நுரை மெத்தை ஒன்று வாங்கிவிடலாம்" என்றாள் மணமகளாகவிருந்த என் மகள். என் மனம் இடம் தரவில்லை. பக்கத்து ஊரில் பஞ்சு அரைக்கும் கடை ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோய் உறையைப் பிரித்தோம். அரை நூற்றாண்டைக் கடந்த அந்தப் பஞ்சு, இயந்திரத்திலிருந்து வெண்மேகம்போல் வெளிவந்து குவிந்தது. புதிய உறையிட்டுத் தைத்துக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தபோது, இது பழைய மெத்தைதானா என்று மகளே வியந்தாள்.

அந்த வியப்பில் நான் கலந்துகொள்ளவில்லை. என் நினைவு ஒரு வில்லின் நாண் ஓசையை நோக்கிச் சென்றுவிட்டது. அதைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

படுக்கை என்னும் பொருளுக்கு அரபு மொழி உலகிற்கு வழங்கிய சொற்கள் பல. பருத்தியைக் குறிக்கும் 'குத்ன்' என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'காட்டன்' ஆயிற்று. எறிதல், போடுதல் எனப் பொருள்படும் 'தரஹ' என்னும் வினையினின்று, விரிப்பு போடப்படும் இடத்தைக் குறிக்கும் 'மத்ரஹ்' பிறந்தது. அது இத்தாலிய மொழி வழியே சென்று ஆங்கிலத்தில் 'மேட்ரஸ்' என வழங்குகிறது. 'சோபா' என்பதும் 'ஸுஃப்பா' என்னும் திண்ணைப் பெயரின் வழி வந்ததே. பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களை 'அஹ்லுஸ் ஸுஃப்பா' என அழைப்பதை நாம் அறிவோம்.

எனினும், இச்சொற்களை வழங்கிய அந்த நாட்டிலே அண்ணல் நபி (ஸல்) அவர்களின் படுக்கை, ஈச்ச நார் திணித்த தோல் விரிப்பாகவே இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அன்னையாரே அறிவிக்கும் மற்றொரு செய்தி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அவர்கள் தம் இல்லத்தின் மாடத்தில் உருவங்கள் பொறித்த திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு வெறுத்துக் கிழித்துவிட்டார்கள். அந்தத் துணி வீணாகவில்லை. அன்னையார் அதைக் கொண்டே ஒன்றோ இரண்டோ தலையணைகள் செய்துகொண்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது. உருவங்களைப் பற்றிய சட்டத்திற்காக இந்த ஹதீஸை ஓதும் நாம், பழையதைப் பயனுள்ளதாக மாற்றிய அந்தக் கைகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனிப் பஞ்சுக்கு வருவோம். பருத்தி இழை நுண்ணிய முறுக்குடையது. ஆண்டுக்கணக்கில் உடலின் பாரமும் வியர்வையின் ஈரமும் சேரும்போது, இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகின்றன. மெத்தையின் மென்மை என்பது உண்மையில் இழைகளுக்கிடையே தங்கியிருக்கும் காற்றேயாகும். கட்டி தட்டிய பஞ்சில் காற்றுக்கு இடமில்லை. ஆகவே, உறையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் காயவைத்து, வில்லின் நாணைப் பஞ்சில் பொருத்தி, மரக்கட்டையால் நாணை அறைவார்கள். அதிரும் நாண் இழைகளைப் பிரித்தெறியும்; தூசு கீழே உதிரும். பின்னர் அப்பஞ்சை உறையில் பரப்பி, நீண்ட ஊசியால் இடையிடையே முடிச்சிட்டுத் தைப்பார்கள். இலவம்பஞ்சு உள்ளே குழல் போன்றது, எளிதில் நொறுங்கும். பருத்தியோ மீண்டும் மீண்டும் புதுப்பிறவி எடுக்க வல்லது.

இந்த வில் தமிழகத்திற்குப் புதியதன்று. சங்க நூலாகிய நற்றிணையில், காற்று மோதும் கடல் அலையினின்று தெறிக்கும் நுண்துளிகளுக்கு வில்லால் அடிக்கப்பட்ட பஞ்சு உவமையாகக் கூறப்பட்டுள்ளது. கண்ணால் காணாத ஒன்றைப் புலவர் உவமையாக்கியிருக்க மாட்டார். ஆகவே, இஸ்லாம் இந்நாட்டிற்கு வருமுன்பே பஞ்சு வில்லின் ஓசை இங்கே கேட்டிருக்கிறது என்பது தெளிவு. அவ்வில்லைப் பிற்காலத்தில் கையிலேந்தியவர்களுள் பெரும் பகுதியினர் முஸ்லிம்களாயினர் என்பதே வரலாறு.

அரபியில் இத்தொழிலைச் சார்ந்தோர்க்கு இரு பெயர்கள் உண்டு. பருத்தியினின்று விதையை நீக்குபவர் 'ஹல்லாஜ்'. வில்லால் பஞ்சை அடிப்பவர் 'நத்தாஃப்'. ஹிஜ்ரி 309இல் (கி.பி. 922) பக்தாதில் கொல்லப்பட்ட ஹுசைன் இப்னு மன்சூர், 'அல்ஹல்லாஜ்' என்னும் தொழிற்பெயராலேயே உலகறியப் பெற்றார். அவர் ஒரு கடையில் பஞ்சைச் சுட்டிக்காட்டிய மாத்திரத்தில் விதைகள் தாமே பிரிந்தன என்னும் கதையை, பரீதுத்தீன் அத்தார் தம் தத்கிரத்துல் அவ்லியாவில் கூறுகிறார். வட இந்தியாவில் பஞ்சு கொட்டும் முஸ்லிம்கள் தம்மை 'மன்சூரி' என அழைத்துக்கொள்வது அவரை எண்ணியே. மன்சூர் என்பது அவருடைய தந்தையின் பெயர் என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். பீகாரிலும் நேபாளத்திலும் 'நத்தாஃப்' என்னும் அரபுப் பெயரே குலப்பெயராக நிலவுகிறது. கன்னட நாட்டில் 'பிஞ்சாரர்', ஆந்திரத்தில் 'தூதேகுலர்'. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதி நூலில், தூதேகுலர் பஞ்சு தூய்மை செய்வதோடு கயிறும் நாடாவும் செய்பவர் என்று குறித்திருக்கிறார். கட்டிலுக்கு நாடாவும் மெத்தைக்குப் பஞ்சும் தந்து ஊராரை உறங்கவைத்தவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டபோது, அப்பட்டியலில் லெப்பைகள், தக்கணி முஸ்லிம்கள் ஆகியோருடன் தூதேகுலரும் இடம்பெற்றனர்.

இத்தொழிலின் தேவையைக் காந்தியடிகளும் உணர்ந்திருந்தார். இராட்டையைத் தேடிக் கண்டடைந்தபின், நூற்பதற்கேற்பப் பஞ்சைக் கொட்டித் தருபவர் இல்லாமல் அவர் திகைத்தார். இறுதியில் கிடைத்த ஒருவர் மாதம் 35 ரூபாய் கேட்டார் என்றும், அந்நேரத்தில் எந்த விலையும் தமக்கு மிகையாகத் தோன்றவில்லை என்றும் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

அடிகளார் கொடுத்த மதிப்பை நாம் கொடுத்தோமா? எங்கள் தெருவுக்கு ஆண்டுக்கொரு முறை ஒரு பெரியவர் தோளில் வில்லுடன் வருவார். நாள் முழுதும் பஞ்சுத் தூசிலே நின்று இருமிக்கொண்டே வேலை செய்வார். சணல், ஆளி நார்களைச் சிக்கெடுக்கும் தொழிலாளரைத் தூசு எவ்வாறு இருமலால் வதைக்கிறது என்பதை இத்தாலிய மருத்துவர் இரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். பருத்தித் தூசினால் வரும் நுரையீரல் நோயை இன்றைய மருத்துவம் தனிப் பெயரிட்டு அறிந்திருக்கிறது. நாங்கள் அறிந்ததெல்லாம் 'பஞ்சுகொட்டி பாய் இருமுகிறார்' என்பது மட்டுமே. தொழுகையில் எங்கள் வரிசையிலே நிற்பார். உணவு மட்டும் திண்ணையில் அவருக்குத் தனியே வைக்கப்படும்.

அவருடைய மகன் படித்து ஆசிரியப் பயிற்சி முடித்தவர்; மார்க்கப் பற்று மிக்கவர். அவருக்கு எங்கள் உறவினர் வீட்டுப் பெண்ணைக் கேட்டு ஆள் வந்தது. அப்போது நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த இளைஞன். "தம்பி, கிதாபு என்ன சொல்கிறது?" என்று மாமா என்னிடம் கேட்டார். மணப்பொருத்தத்தில், அதாவது 'கஃபாஅத்'தில், தொழிலும் கருதப்படும் என்று ஹிதாயாவில் இருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். அத்துடன் பேச்சு முடிந்தது. வந்தவர் எழுந்து போனார்.

நான் சொன்னது பொய்யன்று, ஆனால் பாதி. ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த மர்கீனானீ அவர்கள் அதே இடத்தில் மறுபக்கத்தையும் எழுதியிருக்கிறார்கள். இமாம் அபூஹனீஃபா அவர்களிடமிருந்து இதில் இருவகை அறிவிப்புகள் உண்டென்கிறார்கள். தொழில் மனிதனோடு ஒட்டிப் பிறந்ததன்று, ஒன்றை விட்டு மற்றொன்றிற்கு மாற இயலும் என்பதால் அதைக் கருத வேண்டுவதில்லை என்னும் காரணத்தையும் தந்திருக்கிறார்கள். அந்த இளைஞரோ தந்தையின் தொழிலை விட்டு ஆசிரியராகவே ஆகிவிட்டவர். அவருக்காகவே எழுதப்பட்டதுபோன்ற அந்த வரியை நான் ஓதியிருந்தேன், சபையில் சொல்லவில்லை. பெரியவர்கள் எதைக் கேட்க விரும்பினார்களோ அதைச் சொன்னேன்.

எந்த நூல்களை ஓதி நாம் ஆலிமானோமோ, அவற்றின் ஆசிரியர்களின் பெயர்களையேனும் எண்ணிப் பார்த்தோமில்லை. வக்ஃபு சட்டங்களை வகுத்தெழுதிய கஸ்ஸாஃப் (மறைவு ஹிஜ்ரி 261) என்பாரின் பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். அஹ்காமுல் குர்ஆன் இயற்றிய ஜஸ்ஸாஸ் (மறைவு ஹிஜ்ரி 370) சுண்ணப் பூச்சுக்காரர் என்னும் பெயருடையவர். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் கஃப்பால் மர்வஸீ (மறைவு ஹிஜ்ரி 417) பூட்டுச் செய்துகொண்டிருந்து பின்னர்க் கல்விக்கு வந்தவர். தொழிற்பெயரைத் தலைப்பாகைபோல் அணிந்தவர்களின் நூல்களை ஓதிவிட்டு, தொழிற்பெயரால் ஒருவரைத் திண்ணையில் இருத்தினோம்.

நுரை மெத்தையின் மூலப்பொருள் 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பாரின் குழுவினரால் கண்டறியப்பட்டது. அது அமுங்கிப் போனால் மீண்டும் எழுப்ப இயலாது, குப்பையில்தான் சேரும். இயந்திரமும் நுரையும் வந்தபின் தெருவில் நாண் ஓசை கேட்பதில்லை. அந்தத் தூசிலிருந்து அவர்கள் மக்கள் விடுபட்டது நன்மையே. ஆனால் அவர்களுக்கு நாம் பட்ட கடன் அதனால் தீர்ந்துவிடவில்லை.

மகளின் திருமண அழைப்பிதழை எடுத்துக்கொண்டு, பணி ஓய்வு பெற்று வேறோர் ஊரில் வாழும் அந்த ஆசிரியரைத் தேடிச் சென்றேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மறைத்ததைச் சொல்லிப் பொறுப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், இப்போது ஹிதாயா ஓதிக்கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அந்த இடம் வரும்போது பிள்ளைகளுக்கு முழுவதையும் ஓதிக்கொடுங்கள்" என்றார்.

திருமணத்திற்கு அவர் வந்திருந்தார். எங்கள் சஹனிலேயே எங்களுடன் அமர்ந்து உண்டார்.